பத்துக் குண்டு மேகசினோடு வரும் பிரேக் பேரல் ஏர் ரைபிள்: சிறு வேட்டைக்கு எதை எடுப்பது?

அணிலின் தலையில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் இடம் ஓர் அங்குலம்கூட வராது. முயலுக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அந்த இடத்தில் முதல் குண்டு விழுந்தால் விலங்கு அங்கேயே சாய்ந்துவிடும். இரண்டு அங்குலம் விலகினால் வயிற்றில் பட்டு, மரப்பொந்துக்குள் போய் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டைக்கு ஏர் ரைபிள் வாங்குகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் 1300 என்ற வேகமும் 10 என்ற எண்ணிக்கையும் அதற்கு அப்புறம்.

அமெரிக்கச் சந்தையில் இந்த ரகத்தைப் பரவலாக்கியது ஸ்பெயின் நாட்டுக் காமோ நிறுவனத்தின் ஸ்வார்ம் வரிசை. 2017-இல் ஸ்வார்ம் மாக்சிம் வந்தது. பிறகு ஃப்யூஷன், மேக்னம், ஃப்யூரி, போன் கலெக்டர் என்று கிளை விரிந்தது. ஐரோப்பாவில் இதே அமைப்பு ரீப்ளே 10 என்ற பெயரில் விற்பனையாகிறது. துருக்கியின் ஹட்சான் ஸ்பீட்ஃபயரும், நியூயார்க் மாநிலத்தில் இயங்கும் க்ராஸ்மேன் நிறுவனத்தின் மேக்ஃபயரும் பின்னால் வந்து சேர்ந்த போட்டியாளர்கள். மூன்றும் பிரேக் பேரல், மூன்றிலும் கேஸ் பிஸ்டன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளும் பிஸ்டன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஸ்வார்மைப் பற்றியது. தலைமுறைக்குத் தலைமுறை மேகசின் எப்படி மாறியது என்பதை அதில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது. தேர்வும் அந்த மாற்றத்தைப் பொறுத்ததே.

சாதாரண பிரேக் பேரலில் குழலை மடக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னுக்குப் போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். குழலின் பின்வாய் திறந்திருக்கும். ஒரு பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டை, விரலால் அதில் பொருத்தி, குழலை நிமிர்த்திப் பூட்டினால் தயார். ஸ்வார்மில் விரல் செய்த வேலையை மேகசின் செய்கிறது. குழலை மடக்கி நிமிர்த்தும்போது, மேகசினில் வரிசைக்கு வந்து நிற்கும் பெல்லட்டை ஒரு சிறு ஊசி போன்ற தள்ளுகோல் குழலுக்குள் தள்ளிவிடுகிறது. இதைச் செமி ஆட்டோமேட்டிக் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் ஒருமுறை முழுசாக மடக்கித்தான் ஆக வேண்டும்.

முதல் தலைமுறையில் மேகசின் குழலின் மேலே செங்குத்தாக நின்றிருக்கும். பார்வைக்கோட்டை மறிக்கும் அளவுக்கு மேடாக இருப்பதால் ஸ்கோப் இல்லாமல் குறி பார்க்க வழியில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. குழலை மடக்கி நிமிர்த்தி, சுடாமல் மறுபடி மடக்கி நிமிர்த்தினால் இரண்டாவது பெல்லட்டும் உள்ளே போய் முதல் பெல்லட்டின் முதுகில் ஏறிக்கொள்ளும். காட்டில் இது சுலபமாக நடக்கும். அணில் தெரிகிறது, மடக்குகிறோம், அது கிளைக்குப் பின்னால் போய்விடுகிறது, பத்து நிமிடம் காத்திருக்கிறோம். மடக்கினோமா இல்லையா என்று சந்தேகம் வருகிறது, மறுபடி மடக்கிப் பார்க்கிறோம். இப்போது உள்ளே இரண்டு பெல்லட். சுட்டால் மந்தமான சத்தம் வரும். இரண்டும் பாதி வேகத்தில் போய் எங்கோ விழும். விலங்கின் மேல் பட்டால் காயம்தான், சாவு இல்லை.

இரண்டாம் தலைமுறையில் மேகசினைப் படுத்த வாக்கில் வைத்தார்கள். அதனால் உயரம் குறைந்து பார்வை மறைப்பது தீர்ந்தது. மூன்றாவதான ஜென் 3ஐ-யில்தான் இரட்டைக் குண்டுச் சிக்கலைப் பிடித்தார்கள். அதில் அடுத்த பெல்லட்டை வரிசைக்குக் கொண்டுவருவது சுடும்போது வரும் உதைப்பு. சுடாதவரை அடுத்தது நகராது, ஆகவே இரண்டு முறை மடக்கினாலும் ஒரு பெல்லட்தான் உள்ளே போகும். வேட்டைக்கு வாங்குகிறவர் ஸ்வார்மில் இறங்குவதானால் ஜென் 3ஐ-க்குக் குறைந்து போகக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கடையில் பழைய தலைமுறை ஐம்பது டாலர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். காகிதப் பலகையில் சுட்டுப் பழக மட்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

மேகசினால் உண்மையில் என்ன லாபம்? வேகம் என்றுதான் விளம்பரம் சொல்லும். தவறவிட்ட அணில் நீங்கள் மடக்கி முடிக்கும் வரை அங்கே நிற்காது, ஆகவே அந்த வேகத்துக்குப் பெரிய மதிப்பில்லை. லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அணில் வேட்டை இலையுதிர் காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் வரை போகும். விடியற்காலை நான்கு டிகிரி குளிரில், கையுறை போட்ட விரலால், ஒரு சிறிய ஈயத் துண்டைச் சரியான பக்கம் திருப்பிக் குழலில் பொருத்திப் பாருங்கள். பாதி கீழே சருகில் விழும். மேகசின் இருந்தால் கண்ணை மரத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். அதோடு, மடக்கிய குழலின் வாயில் விரலை வைக்கும் வேலையும் இல்லை. கொக்கி வழுக்கிக் குழல் திடீரென்று நிமிர்ந்தால் கட்டைவிரல் நசுங்கும் ஆபத்து பிரேக் பேரலில் எப்போதும் உண்டு. அது இங்கே பெருமளவு குறைகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடிபட்டுக் கீழே விழுந்த விலங்குக்கு இரண்டாவது குண்டு தேவைப்பட்டால் அதை நான்கைந்து நொடியில் கொடுத்து வலியை முடிக்கலாம். இந்த ஒன்றுக்காகவே மேகசினுக்குக் காசு கொடுக்கலாம்.

நஷ்டமும் உண்டு. கையால் போடுகிறவர் ஒவ்வொரு பெல்லட்டையும் விரலால் தடவிப் பார்க்கிறார். பின்விளிம்பு நசுங்கியிருந்தால் தூக்கிப் போடுவார், தளர்வாக இருந்தால் உணர்வார். மேகசின் எதையும் கேட்காது, கொடுத்ததைத் தள்ளும். ஆகையால் அந்தச் சோதனையை மேகசினில் நிரப்பும்போதே செய்துவிட வேண்டும். வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்து பெல்லட்டுகளை வெள்ளைத் துணியில் கொட்டி, பின்பக்க வட்டம் முட்டை வடிவமாகிப் போனவற்றை ஒதுக்குங்கள். நூறுக்கு ஐந்தாறு தேறாமல் போவது சகஜம். நல்லதைத் தலை முன்னோக்கி இருக்கும்படி வைத்து, பின்விளிம்பு மேகசினின் மட்டத்துக்கு வரும் வரை விரல் நுனியால் அழுத்துங்கள். பிறகு நகத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தப் பெல்லட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதுதான் குழல் நிமிரும்போது வெட்டுப்படும்.

இனி மேக்னமா, மாக்சிமா என்ற கேள்வி. கடைகளில் அதிகம் கேட்கப்படுவது இதுதான், பெரும்பாலானவர்கள் தவறாக முடிவெடுப்பதும் இதில்தான். ஸ்வார்ம் மேக்னத்தில் 33 மில்லிமீட்டர் சிலிண்டர், .22 காலிபரில் (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்) நொடிக்கு 1300 அடி வேகம் என்று நிறுவனம் போடுகிறது. மாக்சிமுக்கு .22-இல் 975. இரண்டும் ஈயமில்லாத லேசான உலோகக் கலவைப் பெல்லட்டை வைத்து அளந்தவை. வேட்டைக்குப் போடும் ஈயப் பெல்லட்டில் இவ்வளவு வராது. மாக்சிம் ரகத்தில் 14.3 கிரெய்ன் (பெல்லட் எடையின் சிறு அலகு) ஈயப் பெல்லட் நொடிக்கு 800 அடியை ஒட்டிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்தியைக் கணக்கிடும் வழி இது: வேகத்தை வேகத்தால் பெருக்கி, பெல்லட் எடையால் பெருக்கி, 4,50,240-ஆல் வகுக்க வேண்டும். 20 அடி-பவுண்டு வருகிறது, ஏறத்தாழ 27 ஜூல். அணிலுக்கு இலக்கில் 5 அல்லது 6 அடி-பவுண்டும், முயலுக்கு அதைவிடச் சற்று மேலேயும் இருந்தால் போதும் என்பது வேட்டைக்காரர்களிடையே வழங்கும் கணக்கு. 35 கெஜத்தில் நம் பெல்லட்டிடம் 15 அடி-பவுண்டு மிச்சம் இருக்கும். அதற்கு மேல் சக்தி எதற்கு?

அந்த மேல்சக்திக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். மாக்சிமை மடக்க 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரை கிலோ இழுப்பு. மேக்னத்துக்கு 41 பவுண்டு, பதினெட்டரை கிலோ. ஸ்பிரிங் துப்பாக்கியில் இழுக்க இழுக்கப் பாரம் ஏறும். கேஸ் பிஸ்டனில் தொடக்கத்திலேயே முழுப் பாரமும் கையில் இறங்கிவிடும். நின்றபடி பத்து முறை மடக்கினால் தோள் நடுங்கத் தொடங்கும், நடுங்கும் தோளோடு ஓர் அங்குலத்தை அடிக்க முடியாது. பத்துக் குண்டு மேகசின் வைத்த துப்பாக்கியில் நான்காவது குண்டிலேயே கை சோர்ந்தால் மேகசினுக்கு என்ன பொருள்? மேக்னம் ஏறத்தாழ அரை கிலோ கூடுதல் எடையும் கொண்டது, உதைப்பும் கடுமை. பழகியவர்கள் அதில் நன்றாகச் சுடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரே துப்பாக்கி வாங்கப் போகிறவருக்கு, அணிலும் முயலும்தான் குறி என்றால், நடுத்தரச் சக்தியுள்ள .22 ஜென் 3ஐ போதும். மேக்னம் தேவையே இல்லை.

.177 வாங்கலாமா என்றால், முடிந்தவரை .22-ஐ எடுங்கள். .177 பெல்லட் தட்டையாகப் பறக்கும், தூரக் கணிப்பில் சிறு பிழை இருந்தாலும் மன்னிக்கும். மலிவும்கூட. ஆனால் இந்தச் சக்திக்கு அது லேசாகிவிடுகிறது. வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும்போது, கடல்மட்டத்தில் சுமார் 1100 அடி, பெல்லட் தள்ளாடத் தொடங்கும். அதைத் தாண்டினால் சாட்டை சொடுக்கியது போல் சத்தம் வேறு. மெல்லிய .177 உடம்பை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். .22 அகலமாகக் காயம் செய்து உள்ளேயே சக்தியை இறக்கும்.

பெல்லட் தேர்வுக்கு ஒதுக்கும் ஒரு மதியம் வேறெந்தச் செலவையும்விடப் பலன் தரும். .22-க்கு க்ராஸ்மேன் பிரீமியர் 14.3 கிரெய்ன், எச் அண்ட் என் ஃபீல்ட் டார்கெட் டிராபி 14.66, ஜேஎஸ்பி ஜம்போ 15.89, ஜேஎஸ்பியின் கனமான 18.13 ஆகிய நான்கையும் ஒவ்வொரு டப்பா வாங்குங்கள். 25 கெஜத்தில் கெட்டியான இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் முதல் பத்தைக் கணக்கில் வைக்காமல் சுடுங்கள். முந்தைய பெல்லட் குழலில் விட்ட ஈயப் பூச்சு மாற அது வேண்டும். அடுத்த பத்தில் வரும் கூட்டத்தை, அதாவது துளைகள் பரவியிருக்கும் அகலத்தை, அளந்து எழுதுங்கள். ஓர் அங்குலத்துக்குள் எல்லாம் அடங்கினால் அதுவே உங்கள் பெல்லட். கூர்முனையுள்ளவையும் பெயரில் பயமுறுத்துகிற நீண்ட பெல்லட்டுகளும் மேகசினின் தடிமனைத் தாண்டி நிற்கும், அவற்றை வாங்கவே வேண்டாம். 21 கிரெய்ன் ரகங்களும் கேஸ் பிஸ்டனுக்குப் பாரம். பிஸ்டன் முன்னால் போய்க் காற்றில் மோதித் திரும்பித் துள்ளும், சக்தி போய்விடும்.

ஒரே மாடலில் இரண்டு துப்பாக்கி வெவ்வேறு பெல்லட்டை விரும்பும். பக்கத்து வீட்டுக்காரரின் தேர்வை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான்.

நன்றாகச் சுடாத துப்பாக்கி என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் பாதிக்கு மேல் பிடியின் கோளாறு என்று துணிந்து சொல்லலாம். வெடிமருந்துத் துப்பாக்கியில் குண்டு வெளியேறிய பின்புதான் உதைப்பு முழுமையாக வரும். இங்கே பிஸ்டன் ஓடி மோதும் வரை பெல்லட் குழலுக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கி முதலில் பின்னாலும் உடனே முன்னாலும் துள்ளும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் அந்தத் துள்ளல் வேறு திசையில் போகும். எனவே முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா கிடத்துங்கள், விரல்களை மூடாதீர்கள். தோளில் ஒட்டியும் ஒட்டாமலும் வையுங்கள். கன்னத்தை அழுத்தாதீர்கள். உள்ளங்கை வைக்கும் இடம் ஒவ்வொரு முறையும் அதே இடமாக இருக்க வேண்டும். அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் இருட்டிலும் கை கண்டுபிடிக்கும். மரத்தில் சாய்ந்து சுடும்போது குழலையோ கட்டையையோ மரத்தில் நேரடியாக வைக்காதீர்கள். கையை மரத்தில் வைத்து, கையின் மேல் துப்பாக்கியை வையுங்கள்.

பெட்டியோடு வரும் 3-9×40 ஸ்கோப் மோசமில்லை. வெடிமருந்துத் துப்பாக்கிக்கு என்று வாங்கிய விலையுயர்ந்த ஸ்கோப்பை எடுத்து இதில் பொருத்துவதுதான் தவறு. முன்னோக்கி வரும் இரண்டாவது துள்ளலுக்கு அது தயாரிக்கப்படவில்லை. உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி சில நூறு சுடல்களில் ஆடத் தொடங்கிவிடும். ஏர் ரைபிளுக்கு என்று எழுதியிருக்கிறதா, 10 கெஜம் வரை தெளிவு வைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுண்டின் அடியில் இருக்கும் நிறுத்து முள், துப்பாக்கியின் மேல் உள்ள தண்டவாளத்தின் குழியில் சரியாக இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மவுண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும், குறி தினமும் மாறும். ஸ்கோப் குறை என்று நினைத்துப் புதிதாக வாங்குவதற்கு முன், தண்டவாளத்தில் மவுண்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு இருபது முறை சுட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் மவுண்டுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

குறியை 30 கெஜத்துக்குச் சரிசெய்யுங்கள். 14.3 கிரெய்ன், 800 அடி வேகம், ஸ்கோப்பின் நடு குழலின் நடுவிலிருந்து ஒன்றே முக்கால் அங்குலம் உயரம் என்று கொண்டால், 20 கெஜத்தில் ஏறக்குறைய அதே இடத்தில் விழும். 10 கெஜத்தில் அரை அங்குலம் தாழும், 40-இல் ஒரு அங்குலத்தை நெருங்கும், 50-இல் இரண்டு அங்குலத்துக்கு மேல். 18-இலிருந்து 33 கெஜம் வரை குறுக்குக் கம்பியை நேராக வைத்துச் சுடலாம் என்பதே இதன் சாரம். 40-க்கு மேல் எவ்வளவு நல்ல துப்பாக்கியாக இருந்தாலும் பிரேக் பேரலில் உயிருள்ள விலங்கின் மேல் சுட வேண்டாம். அணில் மிக அருகே, ஏழெட்டுக் கெஜத்தில் வந்து உட்காரும்போது தவறவிடுவதற்குக் காரணமும் இந்தக் கணக்குதான். அவ்வளவு அருகில் பெல்லட் குறுக்குக் கம்பிக்குக் கீழே போகும், கொஞ்சம் மேலே பிடிக்க வேண்டும்.

காமோவின் விசை (ட்ரிகர்) இரண்டு கட்டம். முதல் கட்டம் நீளம். எங்கே அது முடிந்து இரண்டாவது தொடங்குகிறது என்பது புதிதில் குழப்பமாக இருக்கும். திருகாணியைத் திருப்பிச் சரிசெய்யலாம். கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் சுட்டுப் பார்க்க வேண்டும். மிக லேசாக்கிவிட்டால் மடக்கும் அதிர்வில் கொக்கி நழுவும் அபாயம் உண்டு. சேஃப்டி தானாக விழாது, மடக்கியவுடன் கையால் போடப் பழகிக்கொள்ளுங்கள். ஹட்சானின் விசை இதைவிடத் தெளிவு, துப்பாக்கி மட்டும் தூக்கிக்கொண்டு நடக்கப் பாரம். க்ராஸ்மேன் மேக்ஃபயர் பன்னிரண்டு பிடிக்கும், விலையும் இறங்கியது. ஆனால் விசை கரடுமுரடு, முதல் சில நூறு சுடல்கள் பொறுமையைச் சோதிக்கும். மேகசின் வேண்டும், ஆனால் பிரேக் பேரல்தான் வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பவர்கள் உமாரெக்ஸ் சினர்ஜிஸைப் பார்க்கலாம். அதில் குழல் அசையாது, அடியில் உள்ள நெம்புகோலை இழுத்து மடக்க வேண்டும்.

வாங்கி வந்தவுடன் சுடத் தொடங்காதீர்கள். தொழிற்சாலை எண்ணெய் குழலிலும் அமுக்க அறையிலும் இருக்கும். அதோடு சுட்டால் அமுக்கத்தில் எண்ணெய் தீப்பற்றி டீசல் எஞ்சின் மாதிரி வெடிக்கும். புகையும் வெடிச்சத்தமும் வந்தால் அதுதான், சீல் கெட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். மேகசினைக் கழற்றுங்கள், குழலை மடக்கி வைத்துக்கொண்டு, செடி வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கம்பியின் ஒரு நுனியில் சிறு துணியைக் கட்டி, பின்வாயிலிருந்து முன்னோக்கி இழுங்கள். ஐந்தாறு துணி அழுக்காக வந்து பிறகு வெளுக்கும். முன்னால் சத்தம் குறைக்கும் உறை இருப்பதால் கெட்டித் துணியைத் திணித்தால் அங்கே மாட்டிக்கொள்ளும், சிறிதாக வெட்டுங்கள். பெட்ரோலிய எண்ணெய், துருநீக்கும் ஸ்பிரே எதையும் அமுக்க அறைக்குள் விடக் கூடாது. பிறகு கட்டையில் இருக்கும் திருகாணிகள், குழலின் கீல் திருகாணி, ஸ்கோப் வளையங்கள் எல்லாவற்றையும் முறுக்கிப் பாருங்கள். முதல் நூறு சுடலுக்குள் கட்டைத் திருகாணிகள் தளரும். திருகாணி ஒவ்வொன்றிலும் கழற்றக்கூடிய நீலநிற லாக் பசை ஒரு துளி விட்டால் பிரச்சினை வராது. முன்னூறு சுடல் ஆகும் வரை கூட்டம் அகலமாகத்தான் இருக்கும். அதற்குள் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

குழலை நிமிர்த்தும்போது வழக்கமில்லாத தடை தெரிந்தால் ஒருபோதும் அழுத்தி மூடாதீர்கள். பெல்லட் குறுக்காக நிற்கிறது அல்லது விளிம்பு வெளியே இருக்கிறது. மீறி அழுத்தினால் தள்ளுகோல் வளையும், அது வளைந்துவிட்டால் ஒவ்வொரு பெல்லட்டும் ஒரு பக்கம் கீறுபட்டே உள்ளே போகும். குழலை மறுபடி முழுசாக மடக்கிப் பிடித்துக்கொண்டு, சேஃப்டி போட்டு, மேகசினைக் கழற்றி, நசுங்கியதை எடுங்கள். குழலுக்குள் போய்ச் சிக்கியிருந்தால் மடங்கிய துப்பாக்கியின் முன்னால் கையைக் கொண்டுபோகக் கூடாது. பின்வாயிலிருந்தே மரக்குச்சியால் முன்னோக்கித் தள்ளுங்கள்.

பத்தை எண்ணிக்கொள்வதும் அவசியம். மேகசின் காலியானபின் பதினொன்றாவது முறை மடக்கிச் சுட்டால் குழலில் பெல்லட் இல்லாததால் காற்று மெத்தை இல்லை. பிஸ்டன் நேராகச் சிலிண்டர் முனையில் மோதும். ஓரிரு முறையில் தெரியாது. பழக்கமாகிவிட்டால் சீல் போய், சக்தி குறையும். கேஸ் பிஸ்டனை வீட்டில் திறந்து பழுது பார்க்க முடியாது, முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும்.

சக்தி குறைந்ததாகத் தோன்றினால் பிஸ்டனைக் குறை சொல்வதற்கு முன் குழலின் பின்வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தைச் சோதியுங்கள். குழல் உடலோடு சேரும் மூட்டின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வைத்துச் சுடுங்கள். பேப்பர் துள்ளிப் பறந்தால் காற்று அங்கே கசிகிறது. புதிய வளையம் சில டாலர்தான், ஐந்து நிமிட வேலை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் மத்தியச் சட்டப்படி ஏர் ரைபிள் ஃபயர்ஆர்ம் அல்ல, ஆனால் நியூ ஜெர்சி அதை ஃபயர்ஆர்மாகவே நடத்துகிறது. எந்த விலங்கு, எந்த மாதம், எந்தக் காலிபர் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், வேட்டை லைசென்ஸும் வேண்டும். பிரிட்டனில் 12 அடி-பவுண்டுக்கு மேல் போனால் சான்றிதழ் தேவை. அங்கே விற்கும் ரீப்ளே 10 அந்த வரம்புக்குள் வருகிறது, ஸ்காட்லாந்தில் அதற்கும் லைசென்ஸ். சாம்பல் நிற அணிலைச் சுடலாம், சிவப்பு அணில் பாதுகாக்கப்பட்டது. கனடாவில் 500 அடியையும் 5.7 ஜூலையும் தாண்டினால் லைசென்ஸ். ஊருக்குப் போகும்போது இதை எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கூடாது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க 20 ஜூலும் 4.5 மில்லிமீட்டரும் எல்லை. இந்த .22 இரண்டையும் தாண்டுகிறது. வேட்டையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தடை.

கிளையில் இருக்கும் அணிலை வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுடாதீர்கள். தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போய் யார் வீட்டுக் கூரையிலாவது விழும். அது அடிமரத்தோடு ஒட்டும் வரை காத்திருங்கள். மரமே குண்டைத் தாங்கிக்கொள்ளும்.

விலை கடைக்குக் கடை மாறும். நடுத்தர ஸ்வார்ம் பெரும்பாலும் 200-இலிருந்து 300 டாலருக்குள் கிடைக்கிறது. பெட்டியில் ஒரே மேகசின்தான் வரும். கூட ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கீழே விழுந்தால் உடைகிற பிளாஸ்டிக் அது. முதல் தலைமுறை மேகசின் பிந்தையவற்றில் பொருந்தாது, அதனால் காசு கொடுக்கும் முன் அட்டையில் அச்சிட்ட தலைமுறையையும் காலிபரையும் உங்கள் துப்பாக்கியோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.